பள்ளத்தாக்குக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டம் – ஒரு மதிப்பீடு

பள்ளத்தாக்குக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டம் என்பது, மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் மனிதருக்கு உண்டாகும் நுரையீரல் நோயைத் தடுப்பதற்காக அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1997-இல் தொடங்கப்பட்ட பல்நிறுவனக் கூட்டாய்வு ஆகும். அம்மை, போலியோ, காசநோய், மஞ்சள் காமாலை எனப் பல நோய்களுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால் பூஞ்சையால் வரும் நோய் ஒன்றுக்குக்கூட மனிதருக்கான உரிமம் பெற்ற தடுப்பூசி உலகில் இன்னும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பப் பல ஆய்வகங்கள் ஒன்றுகூடி எடுத்த முயற்சிகளுள் ஒன்று இது.

இத்திட்டம் எதைச் சாதித்தது, எங்கே நின்றுபோனது, அதிலிருந்து இந்தியாவும் குறிப்பாகத் தமிழ்நாடும் கற்க வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள திருப்புட்குழி போன்ற, தறியும் வயலும் சேர்ந்த ஊர்களில் வாழ்வோருக்கு இதில் என்ன இருக்கிறது என்பதும் இறுதியில் பார்க்கப்படுகிறது.

பின்னணி: பட்டுப்புழு கற்பித்த பாடம்

நுண்ணுயிரி ஒன்று விலங்குக்கு நோயை உண்டாக்கும் என்று முதன்முதலில் மெய்ப்பிக்கப்பட்டது ஒரு பூஞ்சை நோயில்தான். அதுவும் பட்டுப்புழுவில். இத்தாலியின் லோடி நகருக்கு அருகில் வாழ்ந்த அகோஸ்டினோ பாசி, பட்டுப்புழுக்களைக் கொன்றுவந்த மஸ்கார்டின் நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இந்நோயில் இறந்த புழு சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து விறைத்துவிடும். அந்த வெண்பொடியை நலமான புழுவின்மேல் சேர்த்தால் அதற்கும் நோய் தொற்றுகிறது என்பதை அவர் காட்டி, 1835-இல் வெளியிட்டார். பாஸ்டரும் கோக்கும் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்புகளைச் செய்ததற்குப் பல ஆண்டுகள் முந்தியது இது. அப்பூஞ்சைக்கு அவர் நினைவாகவே பெவேரியா பாசியானா என்று பெயர் அமைந்தது.

கிருமிக் கொள்கைக்கு முதல் சான்றைத் தந்த பூஞ்சை, தடுப்பூசி வரலாற்றில் கடைசி வரிசையில் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. பூஞ்சையின் உயிரணு, பாக்டீரியாவின் உயிரணுவைவிட மனித உயிரணுவுக்கு நெருங்கிய அமைப்புடையது. பல பூஞ்சைகள் உடலுக்குள் நுழைந்ததும் உருமாறிவிடுகின்றன. அவற்றை எதிர்க்க இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் மட்டும் போதாது. டி-அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்களின் துணை வேண்டும். கடும் பூஞ்சை நோய்க்கு ஆளாவோரில் பலர் ஏற்கெனவே நோயெதிர்ப்பு குன்றியவர்கள். அத்தகையோருக்குத் தடுப்பூசி இட்டாலும் உடல் அதற்குச் சரியாக விடையளிப்பதில்லை.

இவை அறிவியல் காரணங்கள். இவற்றுக்கு நிகரான இன்னொரு காரணம் உண்டு. ஆய்வகம், விலங்குச் சோதனை, மனிதச் சோதனை, உற்பத்தி, விநியோகம் என்ற ஐந்து கட்டங்களையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. பள்ளத்தாக்குக் காய்ச்சலின் கதை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

நோயும் கிருமியும்

காக்சிடியாய்டிஸ் என்னும் பூஞ்சை, அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் நடு, தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் வறண்ட மண்ணில் வாழ்கிறது. மண் கிளறப்படும்போது அதன் நுண்வித்துகள் தூசியோடு எழும்பி மூச்சில் கலக்கின்றன. நுரையீரலுக்குள் போன வித்து, உருண்டை வடிவப் பையாக வளர்ந்து, வெடித்து, நூற்றுக்கணக்கான உள்வித்துகளை வெளியிடும்.

இந்நோயை முதலில் விவரித்தவர் அர்ஜென்டினாவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெகாந்த்ரோ பொசாடாஸ். ஆண்டு 1892. அன்று இது ஓரணு விலங்கு என்றே கருதப்பட்டது. 1900-இல்தான் பூஞ்சை என்று உறுதியானது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளரிடையே வழங்கிவந்த ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ இதே பூஞ்சையின் வேலைதான் என்பது 1930களில் தெளிவானது. இதில் கெர்ன் மாவட்டச் சுகாதாரத் துறையின் மருத்துவர் மிர்னி கிஃபோர்டின் பங்கு பெரியது.

நோய் தொற்றியோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறிகுறியே தெரியாது. மற்றவர்களுக்குக் காய்ச்சல், இருமல், வாரக்கணக்கில் நீளும் களைப்பு இருக்கும். நூற்றில் ஒருவர் அளவில் சிலருக்கு மட்டும் பூஞ்சை எலும்பு, தோல், மூளையுறை வரை பரவும். மூளையுறையில் பரவினால் வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டியிருக்கும். ஒருமுறை நோய் வந்து குணமானவருக்குப் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. இயற்கையே வாழ்நாள் காப்பைத் தருகிறது என்றால் தடுப்பூசியாலும் அதைத் தர முடியும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்தது.

முதல் முயற்சி (1980–1985)

கூட்டாய்வுத் திட்டத்துக்கு முன்பே ஒரு தடுப்பூசி மனிதரிடம் சோதிக்கப்பட்டது. பூஞ்சையின் உருண்டை வடிவப் பைகளை ஃபார்மலினில் கொன்று தயாரித்த ஊசி அது. எலிகளை அது நன்றாகவே காத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த டெமாஸ்தினஸ் பாப்பஜியானிஸ் தலைமையில் 1980 முதல் 1985 வரை 2,867 பேரிடம் சோதனை நடந்தது. 1993-இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. ஊசி போட்டுக்கொண்டோருக்கும் வெற்று ஊசி பெற்றோருக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

காரணம் பிறகு விளங்கியது. எலிக்குக் கொடுத்த அளவை உடல் எடைக்கு ஏற்பப் பெருக்கி மனிதருக்குக் கொடுக்க முடியவில்லை. சிறிய அளவிலேயே ஊசி போட்ட இடம் வீங்கி வலித்தது. எனவே மனிதருக்குக் கிடைத்தது, எலிக்குக் கிடைத்ததன் மிகச் சிறிய பங்குதான். திருப்புட்குழி மரகதவல்லித் தாயார் சன்னிதியில் வறுத்த பயறு முளைக்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அது அற்புதம் என்பதால்தான் போற்றப்படுகிறது. கொல்லப்பட்ட பூஞ்சையைக் கொண்டு, அதுவும் சிட்டிகையளவில், உயிருள்ள தொற்று தரும் காப்பை எதிர்பார்த்தது ஏறத்தாழ அத்தகைய எதிர்பார்ப்பே.

இச்சோதனை இன்னொன்றையும் காட்டியது. ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்தும், நோயுற்றோர் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருந்தது. அவ்வளவு சிறிய எண்களை வைத்துக்கொண்டு ‘பலன் உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ அடித்துச் சொல்ல முடியாது. பூஞ்சைத் தடுப்பூசியைச் சோதிக்க ஒரு பல்கலைக்கழகத்தின் ஆள்பலம் போதாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கூட்டாய்வின் தோற்றம் (1997)

நீண்ட வறட்சிக்குப் பின் 1991-இல் கலிபோர்னியாவில் பெருமழை பெய்தது. ஈரத்தில் வளர்ந்த பூஞ்சை, மண் மீண்டும் காய்ந்தபோது தூசியாகக் கிளம்பியது. 1992-இல் மட்டும் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 4,500 பேருக்கு நோய் பதிவானது. பெரும்பகுதி கெர்ன் மாவட்டத்தில்.

அம்மாவட்டத்தின் தலைநகரான பேக்கர்ஸ்ஃபீல்டில் உள்ள ரோட்டரி சங்கத்தினர் இதைத் தம் ஊர்ப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு நன்கொடை திரட்டினர். அவர்கள் முயற்சியால் ஓர் அறக்கட்டளையும் உருவானது. மாநில அரசின் நிதியும் சேர்ந்தது. பேக்கர்ஸ்ஃபீல்டில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் நிர்வாகப் பொறுப்பை ஏற்றது. ஜான் கால்ஜியானி, தியோ கர்க்லாண்ட், காரி கோல், பாப்பஜியானிஸ் உள்ளிட்ட இத்துறை அறிஞர்களின் ஆய்வுக் குழுக்கள் வெவ்வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து இதில் இணைந்தன.

கொன்ற பூஞ்சை முழுவதையும் ஊசியில் ஏற்றுவதற்குப் பதில், அதில் காப்பைத் தூண்டும் புரதம் எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் தயாரிப்பது திட்டத்தின் வழி. ஒவ்வொரு குழுவும் தனித்தனியே சில புரதங்களை முன்வைத்தது. இறுதியில் இரண்டு புரதங்களை ஒன்றாக இணைத்த கலவைப் புரதம் தேர்வாகி, எலிகளிலும் பின்னர் குரங்குகளிலும் சோதிக்கப்பட்டது. குரங்குகளில் கிடைத்த பாதுகாப்பு மிதமானது. அது மனிதச் சோதனைக்குச் செல்லவே இல்லை.

மதிப்பீடு: நிறைகள்

முதல் நிறை, ஊர்மக்களின் பங்கு. ஆய்வுக்கு நிதி தேடியவர்கள் நோயை நேரில் கண்டவர்கள். பெருநகர ஆய்வகங்கள் கவனிக்காத ஒரு வட்டார நோய்க்கு, ஒரு நகரத்துச் சேவைச் சங்கம் பல்கலைக்கழகங்களை ஒரே மேசைக்கு அழைத்துவந்தது சாதாரணச் செயலன்று.

இரண்டாவது, போட்டியாளர்களை ஒன்றுசேர்த்தது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தான் கண்டுபிடித்த புரதமே சிறந்தது என்று தோன்றும். அவரவர் எலியில், அவரவர் முறையில் சோதித்தால் எது மேல் என்று ஒப்பிடவே முடியாது. தேர்வைத் தனியொரு ஆய்வாளர் கையில் விடாமல் பொதுவான முடிவாக்கியதும், ‘என் புரதம், உன் புரதம்’ என்ற நிலையிலிருந்து இரண்டையும் சேர்த்த ஒரே தயாரிப்புக்கு வந்ததும் கூட்டாய்வின் பயன்.

மூன்றாவது, கற்றதை விட்டுச்சென்றது. எந்த வகை நோயெதிர்ப்பு தேவை, எந்த விலங்கில் எப்படிச் சோதிப்பது என்பன போன்ற அடிப்படைகள் இக்காலத்தில் உறுதிப்பட்டன. பின்வந்தவர்கள் அந்த அடித்தளத்தின்மேல்தான் கட்டினர்.

மதிப்பீடு: குறைகள்

முதல் குறை, திட்டத்தின் எல்லை. நல்ல தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஏதேனும் ஒரு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு தயாரிக்கும் என்ற எதிர்பார்ப்பில் பணிகள் நகர்ந்தன. அப்படி யாரும் முன்வரவில்லை. நோய் இரண்டு மாநிலங்களில்தான் பெருமளவில் உண்டு. நோயாளிகளில் பலர் பண்ணைத் தொழிலாளர், கட்டடத் தொழிலாளர், சிறைவாசிகள். வணிகக் கணக்கில் இது கவர்ச்சியற்ற சந்தை. நோய் மிகுந்த மாவட்டங்களில் தடுப்பூசி இட்டால் மருத்துவச் செலவு மிச்சமாகும் என்று 2001-இல் ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. மிச்சமாகும் பணம் பொதுமக்களுடையது. முதலீடு செய்ய வேண்டிய பணம் நிறுவனத்துடையது. இந்த இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு திட்டத்துக்குள் இல்லை.

இரண்டாவது, நிதியின் நிலையற்ற தன்மை. தடுப்பூசி ஆய்வு இருபது ஆண்டு வேலை. நன்கொடையும் ஆண்டுதோறும் மாறும் அரசு வரவுசெலவும் அதற்குப் போதிய துணையாகா.

மூன்றாவது குறைக்குத் திட்டத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றாலும் அதன் விளைவைச் சொல்லியாக வேண்டும். 2001-க்குப் பிந்தைய பாதுகாப்பு அச்சத்தில், உயிரி ஆயுதமாகக்கூடிய கிருமிகளின் பட்டியலில் காக்சிடியாய்டிசும் கடும் கட்டுப்பாட்டுக்கு உள்ளானது. ஓர் ஆய்வகம் இன்னொன்றுக்குக் கிருமியை அனுப்புவதற்கே பதிவும் அனுமதியும் வேண்டியிருந்தன. 2012-இல்தான் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வில் இத்தகைய தடை ஒவ்வொரு கைமாற்றத்திலும் காலத்தைத் தின்னும்.

மக்காச்சோளத்திலிருந்து வந்த தீர்வு

அடுத்த திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மக்காச்சோளத்தைத் தாக்கும் ஒரு பூஞ்சையில், நோயுண்டாக்கும் வலிமைக்குத் தேவையான மரபணு ஒன்றைப் பயிர்நோய் அறிஞர்கள் கண்டிருந்தனர். அதற்கு இணையான மரபணு காக்சிடியாய்டிசிலும் இருந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் பயிர்நோய் அறிஞர் மார்க் ஓர்பாக்கும் மருத்துவர் கால்ஜியானியும் அடங்கிய குழு அம்மரபணுவை நீக்கியது. நீக்கப்பட்ட பூஞ்சை உயிரோடு இருந்தது. ஆனால் நோயை உண்டாக்கவில்லை. நோயெதிர்ப்பு குன்றிய எலிகளுக்குக்கூட அது தீங்கு செய்யவில்லை. அதைச் செலுத்திய எலிகள் பின்னர் கொடுக்கப்பட்ட கொல்லும் அளவு நோய்க்கிருமியைத் தாங்கி உயிர்பிழைத்தன. இந்த முடிவு 2016-இல் வெளியானது. 2021-இல் நாய்களிலும் நல்ல பலன் கிடைத்தது.

முதலில் நாய்களுக்கான தடுப்பூசியாக இதை உருவாக்கக் கால்நடை மருந்து நிறுவனம் ஒன்று முன்வந்தது. அரிசோனாவில் வளர்ப்பு நாய்கள் இந்நோயால் அதிகம் துன்புறுகின்றன; அவற்றின் உரிமையாளர்கள் பணம் செலுத்தத் தயார். தொழிலாளிக்கு முன் நாய்க்குத் தடுப்பூசி என்பது கேட்கச் சற்றுக் கசப்பாக இருக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகளாகத் திறக்காத உற்பத்திக் கதவு இவ்வழியாகத்தான் திறந்தது. 2022-இல் அமெரிக்கத் தேசிய ஒவ்வாமை, தொற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2031-க்குள் மனிதருக்கான தடுப்பூசி என்ற இலக்கை வைத்து ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. ஆய்வுக்கு அப்பாலும் ஒரு கால எல்லை குறிக்கப்பட்டது இந்த நோயின் வரலாற்றில் முக்கியமான மாற்றம்.

இதிலிருந்து பெறும் பாடம் வெளிப்படையானது. பூஞ்சைத் தடுப்பூசிக்கான கூட்டாய்வில் மருத்துவர் மட்டும் இருந்தால் போதாது. பயிர்நோய் அறிஞரும் கால்நடை மருத்துவரும் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வெற்றி பெற்ற ஓர் ஒப்பீடு: நோர்வே நாட்டு மாடுகள்

பூஞ்சை நோய்க்குத் தடுப்பூசியே இயலாது என்று கருதுவோருக்கு விடையாக நிற்பது மாடுகளின் படர்தாமரை. சோவியத் ஒன்றியத்தில் சர்கிசோவ் என்பவரும் அவர் குழுவினரும் உருவாக்கிய, வீரியம் குறைந்த உயிருள்ள பூஞ்சையைக் கொண்ட தடுப்பூசி 1970களில் பயன்பாட்டுக்கு வந்தது. நோர்வே அதை வாங்கிப் பயன்படுத்தியதோடு நிற்கவில்லை. ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள மந்தைகள் ஏறத்தாழ அனைத்துக்கும் ஊசி போட்டு, தொழுவங்களைக் கிருமிநீக்கம் செய்து, ஆண்டுதோறும் கணக்கெடுத்தது. பெரும்பாலான மந்தைகளில் இருந்த நோய் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ மறைந்தது. பதனிடும் தோலின் தரமும் உயர்ந்தது.

இங்கே அறிவியல் பள்ளத்தாக்குக் காய்ச்சல் ஆய்வைவிட எளிமையானது, கருவிகளும் பழையவை. வேறுபாடு ஒன்றுதான். கால்நடை மருத்துவர், விவசாயி, அரசு ஆகிய மூவரும் ஒரே திட்டத்தில் இருந்தனர். ஊசி யாருக்கு, யார் போடுவது, செலவு யாருடையது என்ற கேள்விகளுக்கு முதல் நாளிலேயே விடை இருந்தது.

மனிதருக்கான முயற்சிகளில் கேண்டிடா பூஞ்சைக்கு எதிரான ஒரு தடுப்பூசி இரண்டாம் கட்டச் சோதனை வரை வந்தது. பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் பிறப்புறுப்புத் தொற்றைத் தடுக்க அது 188 பெண்களிடம் சோதிக்கப்பட்டது. 2018-இல் வெளியான முடிவில், 40 வயதுக்குட்பட்டோரிடம் பலன் தெரிந்தது; மொத்தத்தில் பலன் உறுதியாகவில்லை.

இந்தியச் சூழல்

இந்தியாவில் பூஞ்சை நோயின் சுமை பெரியது. கொரோனாவின் இரண்டாம் அலையின்போது ‘கருப்புப் பூஞ்சை’ என்று அறியப்பட்ட மியூக்கர்மைக்கோசிஸ் நோய்க்கு, 2021 ஜூன் 28 வரை 40,845 பேர் ஆளானதாகவும் 3,129 பேர் இறந்ததாகவும் மத்திய அரசு அறிவித்தது. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஆம்போடெரிசின்-பி மருந்துக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. கண்ணையும் மேல்தாடையையும் இழந்து உயிர்பிழைத்தோர் பலர்.

கூட்டாய்வு செய்யும் திறன் இந்தியாவில் இல்லாமல் இல்லை. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 16 மருத்துவமனைகள் சேர்ந்து 287 மியூக்கர்மைக்கோசிஸ் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தன. அவர்களில் 187 பேருக்குக் கொரோனாவும் இருந்தது என்பதையும், நோய் முந்தைய ஆண்டைவிட இரு மடங்காகியிருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. இரண்டாம் அலைக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை அது. அதற்கும் முன்பு 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இணைந்து நடத்திய கேண்டிடா ஆய்வில், மருந்துகளை எதிர்க்கும் கேண்டிடா ஆரிஸ் என்னும் புதிய இனம் அவற்றுள் 19 பிரிவுகளில் இருப்பது வெளிப்பட்டது. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி, ஆய்வு நிறுவனத்தின் அருணலோக் சக்ரவர்த்தி இத்தகைய பணிகளில் முன்னின்றவர்.

தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இன்னொரு சான்று. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1990களில் கணக்கிடப்பட்டது. ஆய்வில் கிருமி கண்டறியப்பட்ட புண்களில் பாதியளவு பூஞ்சையால் வந்தவை. வயலில் நெல் சோகையோ உமியோ கண்ணைக் கீறிவிடுவது போன்ற சிறு காயங்களே பெரும்பாலும் தொடக்கம். எந்த மருந்து நல்லது என்று அறிய அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் சோதனை நடத்தின. பழைய, விலை குறைந்த நாட்டாமைசின் சொட்டு மருந்து, புதிய வோரிகோனசோலைவிடச் சிறந்தது என்பது 2013-இல் உறுதியானது. கண் மருத்துவத்தில் உலகெங்கும் பின்பற்றப்படும் விடையைத் தந்த கூட்டாய்வு இது.

ஆனால் இவையெல்லாம் நோயைக் கண்டறிதல், கணக்கெடுத்தல், மருந்தை ஒப்பிடுதல் ஆகிய பணிகள். தடுப்பூசி என்று வரும்போது வேறு கணக்கு வருகிறது. இந்தியாவில் மியூக்கர்மைக்கோசிஸ் ஆயிரம் பேரில் 0.14 என்ற அளவில் இருப்பதாகக் கொரோனாவுக்கு முந்தைய மதிப்பீடு ஒன்று கூறுகிறது. உலகின் பிற பகுதிகளைவிட இது 70 மடங்குக்கு மேல். அப்படியிருந்தும் ஒரு லட்சம் பேரைச் சேர்த்தால் 14 பேர்தான் வருகிறது. இந்த எண்ணை வைத்துத் தடுப்பூசியின் பலனை அறிய எத்தனை மாவட்டங்கள், எத்தனை மருத்துவமனைகள் சேர வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனவே மியூக்கர்மைக்கோசிசுக்கு இன்றைய சிறந்த தடுப்பு, சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பதும் ஸ்டீராய்டு மருந்தை அளவறிந்து தருவதுமே. தடுப்பூசிக்கான முதல் முயற்சி, மிகப் பரவலாக உள்ள பூஞ்சை நோயிலிருந்து தொடங்குவது பொருத்தம். நாடெங்கும் மருந்துக்கு அடங்காமல் பரவிவரும் படர்தாமரை அத்தகையது. அதன் நெருங்கிய உறவான பூஞ்சைக்கு எதிராக மாடுகளில் தடுப்பூசி ஏற்கெனவே வென்றிருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும் சென்னையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் உள்ள மாநிலத்தில், மருத்துவக் கல்லூரிகள் அவற்றோடு கைகோக்க வழி இல்லை என்று சொல்ல முடியாது.

உற்பத்தி என்ற விடுபட்ட கண்ணி

கலிபோர்னியாவில் திட்டம் நின்ற இடம் உற்பத்தி. தமிழ்நாட்டின் நிலை இதில் வேறு விதமானது. இங்கே ஆலைக்கு மரபு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியது. கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948 முதல் இயங்கிவந்தது. தரநிலைக் குறைபாட்டைக் காட்டி 2008-இல் இவற்றின் உற்பத்தி உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, 2010-இல் திரும்ப வழங்கப்பட்டன. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செங்கல்பட்டில், 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் அமைக்க 2012-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. முதல் மதிப்பீடு 594 கோடி ரூபாய். கட்டடமும் கருவிகளும் வந்தன. ஆனால் கொரோனா காலத்தில், 2021 மே மாதம் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதை நேரில் பார்வையிட்டு மாநிலத்திடம் ஒப்படைக்குமாறு கேட்டபோதும், வணிக உற்பத்தி தொடங்கப்படாமலே இருந்தது.

கலிபோர்னியாவில் மருந்து இருந்தது, ஆலை இல்லை. செங்கல்பட்டில் ஆலை இருந்தது, அதில் தயாரிக்க மருந்து வந்து சேரவில்லை. இரண்டும் ஒரே குறையின் இரு பக்கங்கள். ஒரு கட்டத்தை முடித்தவர் அடுத்த கட்டத்தினரிடம் ஒப்படைக்கும் பொறுப்பு எவருக்கும் எழுதப்படவில்லை.

திருப்புட்குழியிலிருந்து பார்க்கையில்

ஜடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் போற்றும் திருப்புட்குழி, நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்று. இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்பதும் மரபு. சுற்றிலும் நெல்வயல், வட்டாரமெங்கும் பட்டுத்தறி. இத்தகைய ஊரில் ஒருவருக்குப் பூஞ்சை நோய் வருவது பெரும்பாலும் வேலை வழியாகத்தான். கதிரடிக்கையில் கண்ணில் பட்ட சோகை, ஈரச் சேற்றில் நின்ற காலில் அரிப்பு, சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விட்டவருக்கு வந்த காய்ச்சல் என அது நுழையும் வாசல்கள் பல.

தடுப்பூசி வரும்வரை செய்யக்கூடியவை உண்டு. கண்ணில் கீறல் பட்டவருக்கு இரண்டு நாளைக்குள் களிம்பு இட்டால் புண்ணாவதைத் தடுக்கலாம் என்று மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடந்த, 2006-இல் வெளியான ஆய்வு நம்பிக்கை அளித்தது. பின்னர் நேபாளத்தில் கிராமத் தன்னார்வலர்களைக் கொண்டு பெரிய அளவில் நடத்திய சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. களிம்பில் குறையா, அது உரிய நேரத்தில் உரியவர் கைக்குச் சேராததில் குறையா என்ற கேள்வி எழுகிறது. தடுப்பூசிக்கும் இதே கேள்விதான் நாளை எழும். ஆய்வகத்தில் வென்ற ஒன்று ஊர்க்கோடி வரை வந்து சேர்ந்தால்தான் வெற்றி.

முடிவுரை

பள்ளத்தாக்குக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டத்தைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. ஒரு நகரத்தின் கவலையை அறிவியலாக மாற்றி, பின்வந்த உயிருள்ள தடுப்பூசிக்கு அது வழி அமைத்தது. அதே வேளை, ஆய்வகங்களை ஒருங்கிணைத்த அளவுக்கு, ஆய்வகத்தை ஆலையோடும் ஆலையை மக்களோடும் அது ஒருங்கிணைக்கவில்லை. அதற்கான விலை இருபது ஆண்டுகள்.

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்று ஓடும். எதிர்ப்புறக் கரைக்கு இன்னொருவர் கை வேண்டும். உடலும் கரையும் கோக்கும் இடத்தில் ஓர் இழை தவறினாலும் சேலை அங்கேதான் கிழியும். வாங்குபவர் முதலில் இழுத்துப் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். இந்தியாவில் பூஞ்சை நோய்த் தடுப்பூசிக்கென ஒரு கூட்டாய்வு அமையுமானால், எத்தனை நிறுவனங்கள் சேர்ந்தன என்பதைவிட, ஒன்றும் மற்றொன்றும் கோக்கும் இடத்துக்கு யார் பொறுப்பு என்பதே முதலில் எழுதப்பட வேண்டிய வரி.